நடிக்கப் போன பேஸ்பால்காரர்கள்

17 ஜனவரி 2025, வெள்ளி

பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் பாப் யூக்கர் நேற்றுப் போய்விட்டார். வயது 90. ஆறு சீசன் ஆடி மொத்தமே 14 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது). தன் பேட்டிங்கைத் தானே கிண்டலடித்தே ஊர் முழுக்கப் பேர் வாங்கியவர். 1989-இல் 'மேஜர் லீக்' படத்தில் எங்கள் கிளீவ்லாந்து அணியின் வர்ணனையாளராக வந்து சிரிக்க வைத்தார். நிஜத்தில் 1971 முதல் மில்வாக்கி அணியின் வர்ணனையாளர். மைதானக் காட்சிகளையும் பெரும்பாலும் மில்வாக்கியில்தான் எடுத்தார்கள், அதில் எங்கள் கிளீவ்லாந்துக்காரர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள் தேடும், அவர் கையெழுத்திட்ட புகைப்படங்களுக்கு இன்று காலையே வியாபாரிகள் விலையை ஏற்றிவிட்டார்கள். சே.

1 பிப்ரவரி, சனி

கார்டு ஷோ, அதாவது ஆட்டக்காரர்களின் அட்டைகளும் கையெழுத்துகளும் விற்கும் சந்தை. ஒரு மேசையில் கௌபாய் தொப்பியோடு பேஸ்பால் நட்சத்திரம் லூ கெரிக்! 1938-இல் வந்த 'ராஹைட்' படத்தின் ஸ்டில். (அதில் மதுக்கடைச் சண்டையில் பில்லியர்ட்ஸ் பந்துகளை எடுத்து வில்லன்கள்மேல் எறிவார். கையில் துப்பாக்கியைவிட அது பொருத்தம்.) கீழே நீல மையில் கையெழுத்து. விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். தாளில் லேசான பள்ளம், நடுவில் மை விட்டுவிட்டு ஓடியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவேதான். கெரிக் இறந்தது 1941 ஜூனில். பால்பாயிண்ட் நியூயார்க் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில். "தாத்தா காலத்துச் சொத்து சார்" என்றார் விற்பவர். சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஜான் பெராடினோ புகைப்படம் தபாலில் வந்தது, டாக்டர் கோட்டுடன். 1948-இல் உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) வென்ற கிளீவ்லாந்து அணியில் இருந்தவர். அதற்குப் பிறகு இன்றுவரை எங்களுக்குக் கோப்பை கிடையாது. அவரோ 1963 முதல் 1996-இல் சாகும்வரை 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் ஒரே டாக்டர் வேடம்.

பேப் ரூத், கெரிக் போன்ற பெரிய நட்சத்திரங்கள் திரையில் அநேகமாகத் தாங்களாகவே வந்து போனார்கள். நடிகராக நிலைத்தவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தில் சுமாரானவர்கள்தான். சக் கானர்ஸைப் பாருங்கள்: புரூக்ளின் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம், சிகாகோ கப்ஸ் அணிக்கு 66. அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸ் மைனர் லீக் (கீழ்நிலைப் போட்டி) அணிக்கு இறக்கிவிட்டார்கள், ஹாலிவுட் பக்கத்திலேயே! 1952-இல் முதல் படம். என் காசு இனி இவர்களுக்குத்தான், விலையும் கட்டுப்படி.

அடுத்துத் தேட வேண்டியது மைக் டான்லின். நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர், பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' படத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடக்குப் படைத் தளபதியாக நடித்தவர். கையெழுத்திட்ட புகைப்படம் கிடைக்காவிட்டால் பழைய வங்கிச் செக்கில் போட்ட கையெழுத்தானாலும் வாங்கிக்கொள்வேன்.