சுசீந்திரம் தேரடியில் 16 போன்கள்

மார்கழித் தேரோட்டத்துக்குச் சுசீந்திரம் போயிருந்தேன். ரதவீதியில் நின்று அம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, சிக்னல் என்னவோ முழுக்கோடு காட்டியது. "மக்களே, நீ இதத்தான படிக்க, என்னன்னு சொல்லேன்" என்றார் சித்தப்பா. வடம் இழுக்கிற சத்தத்தில் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

அன்றைக்குப் போகாததற்கு நெரிசலில் ஆயிரம் காரணம் இருக்கலாம், நான் படிப்பது அதில் ஒரு சின்ன மூலை, பல போன்களின் சிக்னல் கலந்து விழுவதை டவர் எப்படிப் பிரிக்கிறது என்பது. டவரில் 64 ஆன்டெனா, கீழே 16 போன் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் அனுப்புகின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு ஆன்டெனாவிலும் பதினாறும் கலந்துதான் விழும். 64-குவாம் என்ற அனுப்பும் முறையில் ஒரு போன் ஒரு தடவை அனுப்பியது 64 சிக்னல் மதிப்புகளில் ஏதோ ஒன்று, ஆகவே எல்லாச் சேர்க்கையையும் சோதித்துச் சரியானதைப் பிடிக்கப் போனால் 64-இன் 16-ஆம் அடுக்கு, ஏறக்குறைய 79-க்குப் பின்னால் 27 பூஜ்ஜியம். ஆகிற காரியமில்லை.

அதனால்தான் எம்எம்எஸ்இ, சராசரிப் பிழை மிகக் குறைவாக வரும்படி பதினாறையும் ஒரே கணக்கில் பிரிக்கும் முறை. அதற்கு 16-க்கு 16 அணியின் (மேட்ரிக்ஸ், எந்தப் போன் எதோடு எவ்வளவு கலக்கிறது என்ற எண் கட்டம்) நேர்மாறு வேண்டும். ஒன்று என்றால் சரி, ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் 5ஜி-யில் 3,276 சப்கேரியர் (அலைவரிசையைப் பிரித்த சின்னச் சின்னக் கீற்றுகள்), இந்தக் கணக்கு அத்தனைக்கும் வேண்டும், ஸ்லாட்டோ, அதாவது ஒரு தவணை நேரமோ, அரை மில்லிசெகண்ட்.

ஆன்டெனாக்கள் போன்களைவிட மிக அதிகமானால் போன்களின் சானல்கள் (போனிலிருந்து ஆன்டெனாக்களுக்கு சிக்னல் வந்து சேரும் விதம்) ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகிவிடும் என்று 2010-இல் தாமஸ் மார்செட்டா என்ற ஆய்வாளர் காட்டினார். அப்போது அந்த அணியில் கனமெல்லாம், அதாவது பெரிய எண்களெல்லாம், மூலைவிட்டத்தில் நிற்கும், நேர்மாறைத் தோராயமாகவே எடுத்துவிடலாம். நேர்மாறை உறுப்பு உறுப்பாகக் கூட்டி நெருங்கும் நாய்மன் தொடர் இதை நம்பித்தான் ஓடுகிறது. முதல் இரண்டு உறுப்பு வரை மலிவு, மூன்றாவதைச் சேர்த்தாலே நேர்மாறு கணக்கிடும் செலவு வந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு அது?

ரதவீதியில் மனிதர்கள் தோளோடு தோள் நிற்கிறார்கள். டவரிலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே திசை, சானல்களும் ஒன்றுபோல ஆகிவிடும், மூலைவிட்டத்தின் கனம் குறையும். நாய்மன் தொடர் இங்கே விடையை விட்டு விலகியே ஓடக்கூடும். நேர்மாறே எடுக்காமல், ஒவ்வொரு போனின் மதிப்பையும் சுற்றுச்சுற்றாகத் திருத்திக்கொண்டே போகும் காஸ்-சைடல் முறை அப்படியில்லை, எம்எம்எஸ்இ அணிக்கு அது கட்டாயம் விடைக்கு வந்து சேரும், நெருக்கம் கூடினால் சுற்றுதான் கூடும். ஒரு மதிப்பு கிடைத்தால்தான் அடுத்ததைத் தொட முடியும் என்பதால் சிப்பில் இணையாக ஓட்டுவது சிரமம், அது உண்மையான குறைதான். இருந்தாலும் திருவிழாக் கூட்டத்துக்கு என் ஓட்டு காஸ்-சைடலுக்கே.

இதுவரை என் சிமுலேஷனில் போன்களைத் தள்ளித்தள்ளி நிறுத்தித்தான் ஓட்டியிருக்கிறேன். இந்த வாரம் ரதவீதி மாதிரி நெருக்கி நிறுத்திப் பார்க்கப்போகிறேன், 32 ஆன்டெனாவுக்கும் சேர்த்து.