வீட்டுக் கெமராவுக்கு வீட்டு ஆட்களின் முகத்தைப் பழக்கிய கதை

எங்கள் வீடு தலவாக்கலைப் பக்கம், தோட்டத்தில் கிடைத்த 7 பேர்ச்சஸ் காணியில் கட்டியது. வாரநாட்களில் நான் கொழும்பில் வேலையில் இருப்பேன், வீட்டில் அப்பா, அம்மா, பெரியம்மா மூன்று பேர்தான். அதனால் கேட் பக்கம் ஒன்று, இஸ்தோப்பில் ஒன்று என்று இரண்டு கெமரா போட்டு, சும்மா கிடந்த கொம்பியூட்டரில் ஃப்ரிகேட் என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். 2025இல் வந்த அதன் 0.16 பதிப்பிலிருந்து முகத்தை அடையாளம் காணும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது, படங்கள் வீட்டை விட்டு வெளியே எந்தக் கம்பெனிக்கும் போவதில்லை, அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு அதுதான் முக்கிய காரணம். வீட்டு ஆட்கள் வந்தால் சத்தம் போடக்கூடாது, தெரியாத ஆள் வந்தால் மட்டும் என் போனுக்குச் செய்தி வரவேண்டும், நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான்.

வந்ததோ வேறு. அம்மா கடைக்குப் போய் வந்தாலும் தெரியாத நபர், பெரியம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தாலும் தெரியாத நபர். அதைவிட மோசம், பால் கொண்டுவருகிற அண்ணனை ஒருநாள் அப்பா என்று சொல்லிவிட்டது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏன் தம்பி, நம்ம வீட்டுக்கே நான் யாரோவா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் எனக்குக் கவலை வேறு மாதிரி. நாள் முழுக்க அம்மாவுக்கும் அப்பாவுக்குமே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால், உண்மையிலேயே யாரோ ஒருவர் வந்து நிற்கும் அன்றைக்கு நான் போனை எடுத்துப் பார்க்கமாட்டேன்.

இந்தப் பிரச்சினைக்கு எல்லோரும் முதலில் சொல்கிற வழி, பொருத்த அளவைக் குறை என்பது. ஃப்ரிகேட்டில் ஒரு முகம் இன்னாருடையதுதான் என்று முடிவுசெய்ய 0.9 மதிப்பெண் வேண்டும், அதை 0.7க்கு இறக்கினால் அம்மாவைக் கண்டுபிடித்துவிடும் என்பார்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். அம்மாவைக் கண்டுபிடிக்கும், கூடவே பால் அண்ணனையும் அப்பாவாகவே உள்ளே விடும். பாதுகாப்புக்குப் போட்ட கெமராவில் வீட்டு ஆளைத் தெரியாது என்று சொல்வது தொல்லை மட்டும்தான், வெளியாளை வீட்டு ஆள் என்று சொல்வதுதான் ஆபத்து.

அதற்குப் பதிலாக, இயந்திரம் வெட்டி எடுத்து வைத்திருக்கும் முகப் படங்களைத் திறந்து பாருங்கள். நாம் டீவியில் பார்க்கிற முழுப் படம் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் இயந்திரம் பார்ப்பது அந்தச் சின்னத் துண்டை மட்டும். ஃப்ரிகேட்டில் முகங்களுக்கென்று தனிப் பக்கமே இருக்கிறது, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் என்ன மதிப்பெண் கொடுத்தது என்றும் போட்டிருக்கும். அதைத் திறந்தபோது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒன்றில் குடையின் ஓரமும் அதற்குக் கீழே ஒரு தாடையும். ஒன்றில் அப்பாவின் கம்பளிக் குல்லா, நெற்றிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பெரியம்மாவின் படத்தில் தலையிலிருந்து முதுகு வரை போர்த்திய படங்கும், நடுவில் நிழலாக ஒரு மூக்கும். மிச்சத்தில் முகம் இருந்த இடத்தில் நாலைந்து சாம்பல் கட்டங்கள். இதைக் காட்டி இது யார் என்று என்னிடம் கேட்டால் எனக்கே தெரியாது. இந்த மென்பொருள் முகத்தைக் கண்டுபிடித்து, கண் மூக்கு வாய் இருக்கும் இடத்தை வைத்து நேராக்கி, அதை நீளமான எண் வரிசையாக மாற்றி, நாம் கொடுத்த படங்களின் எண்களோடு ஒப்பிடுகிறது. உள்ளே போவது சாம்பல் கட்டம் என்றால் வெளியே வரும் பெயர் குருட்டாம்போக்குத்தான்.

முகம் ஏன் அவ்வளவு சின்னதாக விழுந்தது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொதுவாக விற்கிற கெமராக்களில் 2.8 மில்லிமீற்றர் லென்ஸ்தான் இருக்கும், அது நூறு பாகைக்கு மேல் விரித்துக் காட்டும், முற்றம் முழுக்கத் தெரிகிறதே என்று நமக்கும் சந்தோஷம். ஆனால் 4 மீற்றர் தூரத்தில் அது பார்க்கும் அகலம் ஏறத்தாழ 10 மீற்றர். படத்தின் அகலமான 1920 பிக்சலை 10 மீற்றருக்குப் பிரித்தால் மீற்றருக்கு 192, ஒரு முகம் 16 சென்டிமீற்றர் அகலம் என்று வைத்தால் முகத்துக்குக் கிடைப்பது வெறும் 30 பிக்சல். அதிலும் ஃப்ரிகேட் முகத்தைத் தேடுவது டிடெக்ட் வேலைக்கு, அதாவது ஆளைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு, கொடுத்த வீடியோ ஸ்ட்ரீமில்தான். கொம்பியூட்டருக்குப் பாரம் குறையட்டும் என்று பெரும்பாலும் அங்கே கெமரா தரும் சின்ன அளவு வீடியோவான சப் ஸ்ட்ரீமைக் கொடுப்பார்கள், அதன் அகலம் 640 பிக்சல் என்றால் முகத்துக்குப் பத்தே பத்து பிக்சல். சிசிடிவிக்கு இருக்கும் சர்வதேசத் தரமான ஐஇசி 62676-4இன் 2014 பதிப்பு, தெரிந்த ஆளை இன்னார் என்று பார்த்துச் சொல்ல மீற்றருக்கு 125 பிக்சலும், தெரியாத ஆளை ஐயமில்லாமல் அடையாளம் காட்ட 250 பிக்சலும் கேட்டது. அது மனிதக் கண்ணுக்குப் போட்ட கணக்கு, பழகிய ஆளின் நடையையும் சேலையையும் பார்த்தே நாம் சொல்லிவிடுவோம், இயந்திரத்துக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் கேட் கெமராவை 6 மில்லிமீற்றர் லென்ஸ் உள்ளதாக மாற்றினேன். அதே 4 மீற்றரில் அது பார்ப்பது 4 மீற்றர் அகலம்தான், முகத்துக்கு 75 பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. முற்றத்தைப் பார்க்கப் பழைய கெமராவே போதும். டிடெக்டுக்கு முழு அளவு வீடியோவான மெயின் ஸ்ட்ரீமைக் கொடுத்து, வினாடிக்கு 5 பிரேம் என்று வைத்ததும் கொம்பியூட்டரும் திணறவில்லை.

அடுத்தது உயரமும் இடமும், எங்கள் ஊர் வீடுகளுக்கு இதுதான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். கெமரா பூட்ட வந்தவர்கள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று கூரை ஓரத்தில், பத்தடி உயரத்தில் பூட்டினார்கள். சமதரையில் அதுவே பரவாயில்லை என்று சொல்லலாம், இங்கே ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படியில் இறங்கி வரவேண்டும், மழை பெய்தால் பாசி வழுக்கும், வருகிற ஒவ்வொருவரும் காலைப் பார்த்துத்தான் நடப்பார்கள். மேலிருந்து பார்க்கும் கெமராவுக்கு உச்சந்தலைதான் கிடைக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கே தலையை நிமிர்த்துகிறார்கள் என்று பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். படி முடிந்து இரும்புக் கேட்டின் கொண்டியில் கை வைக்கும்போது ஒரு கணம் எல்லோரும் நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்க்கிறார்கள், "அக்கா!" என்று கூப்பிடுகிறவர்கள் அங்கே நின்றுதான் கூப்பிடுகிறார்கள், குடையைச் சாய்ப்பதும் அங்கேதான். அந்த இடத்துக்கு நேரே, ஆறடிக்குக் கொஞ்சம் மேலே, தூணில் கெமராவை இறக்கிப் பூட்டியதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. கைக்கு எட்டுமே என்ற பயம் இருந்தால் கூரை ஓரத்துக் கெமரா அதைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

மிச்சப் பாதி இராத்திரியும் மூடுபனியும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நாலு மணிக்கே பனி இறங்கிவிடும், வெளிச்சம் குறைந்ததும் கெமரா கறுப்பு வெள்ளைக்கு மாறித் தன் அகச்சிவப்பு விளக்கைப் போடும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருப்பதால் பனித்துளிகளில் பட்ட ஒளி நேரே லென்ஸுக்குத் திரும்பி வந்து, படம் முழுக்க வெள்ளைத் திரையாகிவிடும். பனி நேரத்தில் அட்டன் ரோட்டில் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டால் முன்னால் ஒன்றும் தெரியாது, ட்ரைவர்கள் தாழ்த்தித்தான் போடுவார்கள், அதே விஷயம்தான் இங்கேயும். நான் கெமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, கேட்டுக்குப் பக்கவாட்டில், கெமராவிலிருந்து தள்ளி, ஆள் வந்தால் எரிகிற சாதாரண எல்இடி பல்ப் ஒன்றைப் பூட்டினேன். பனி மறைப்பது வெகுவாகக் குறைந்தது, படமும் நிறத்தோடு வருகிறது. அகச்சிவப்பில் எடுத்த முகம் தோலின் நிறமும் நிழலும் மாறி வேறு மாதிரித் தெரியும், நிறப் படங்களில் பழகிய இந்த மென்பொருளுக்கு அது கஷ்டம். கெமராவைச் சுற்றிப் பூச்சி வருவதும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்து லென்ஸின் குறுக்கே வலை கட்டுவதும் அதோடு நின்றது.

இராத்திரி ஷட்டர் வேகத்தையும் கையால் வைக்கவேண்டும். தானாக விட்டால் இருட்டில் அது மெதுவாகி, நடக்கிற ஆளின் முகம் இழுபட்டுப்போகும். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதனால் 1/50 அல்லது 1/100 வினாடி வைத்தால் பல்ப் துடிப்பது படத்தில் தெரியாது. நான் 1/100 வைத்திருக்கிறேன், கொஞ்சம் இருண்டாலும் முகம் கூர்மையாக விழுகிறது.

இவ்வளவும் சரியான பிறகுதான் பழக்கும் வேலைக்கு வந்தேன். பழைய துண்டுகளை முழுக்க அழித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொருவரையும் நேரே பார்க்கச்சொல்லிப் போனில் சில படங்கள் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் கேட் கெமராவில் விழுந்த நல்ல துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒரே மாதிரிப் படங்களைக் குவிப்பதில் பிரயோசனம் இல்லை, மங்கலானது, குல்லா மறைத்தது எதையும் பாவம் பார்த்துச் சேர்க்கக்கூடாது. ஒரே ஒரு தவறான படம் சேர்ந்தாலும் அது கெடுக்கும். அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள், முகவெட்டு ஒன்று, இருவரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. இருவருடைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எனக்கே சந்தேகம் வருகிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டதும் அந்தக் குழப்பம் அரிதாகிவிட்டது. மிகச் சின்ன முகங்களை முயற்சியே செய்யாமல் விடச்சொல்லும் அளவு ஒன்றும் இருக்கிறது, அதைக் கூட்டிவைத்தேன். பால் அண்ணன் அப்பாவாக வந்தது அதோடு நின்றது. பொருத்த அளவு இன்னமும் 0.9தான்.

இன்னொரு விஷயம். எங்கள் கேட்டுக்கு முன்னால் லயத்துக்குப் போகும் பாதை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருக்கும் தரவுக்கு விலக்குக் கொடுக்கிறது. அதற்காகத் தினமும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் முகத்தை நான் சேர்த்துவைப்பது நியாயமாகாது. பாதை தெரியும் பகுதியை மறைத்துவிட்டேன், அக்கம்பக்கத்தாரிடமும் கெமரா எதைப் பார்க்கிறது என்று கூட்டிவந்து காட்டினேன். பெயர் கொடுத்து வைத்திருப்பது எங்கள் நான்கு பேருக்கு மட்டும்.

தீராதது ஒன்று இருக்கிறது. அடைமழையில் பெரியம்மா தலையை மூடிக்கொண்டு குனிந்தபடியே கேட்டைத் தள்ளி வந்தால் இன்றைக்கும் தெரியாத நபர்தான். அதற்காக எந்த அளவையும் நான் தளர்த்தப் போவதில்லை. அந்தச் செய்தி வந்தால் வீடியோவைத் திறந்து ஒரு தடவை பார்க்கிறேன், கூடையும் படங்கும் தெரிந்தால் போனை வைத்துவிடுகிறேன்.