சோலையில் கிடக்கும் மரம்: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

அக்டோபர் 12, கொடைக்கானல்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. 2018 கஜா புயலில் சாய்ந்த மரம் சோலைப் பாதையின் குறுக்கே இன்னும் கிடக்கிறது. பட்டை உரிந்த பக்கத்தில், விரிசல் நெடுக, ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டி மடல்கள் வரிசையாக முளைத்திருக்கின்றன. விரல் நகம் அளவுதான். தொட்டால் வழவழப்பு, இழுத்தால் ரப்பராக நீள்கிறது. டாக்ரியோபினாக்ஸ் ஸ்பாதுலேரியா என்னும் ஜெல்லி காளான். இந்த நிறத்தைத் தருபவை கேரட்டில் இருக்கும் அதே கரோட்டினாய்டு வகை நிறமிகள்.

மடல்களுக்குக் கீழே மரம் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. அழுத்தினால் தூளாகிறது. மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை உண்டுவிட்டு, மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவதால் வரும் பழுப்பு அழுகல் இது. இதே காளானை வளர்த்து எடுக்கும் கிளைக்கோலிப்பிடை (சர்க்கரையும் கொழுப்பும் இணைந்த பொருள்), குளிர்பானம் கெடாமலிருக்கச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அனுமதித்தது. மட்கும் கட்டையில் வாழ்கிற ஒன்றுக்குள் இப்படி ஒரு பொருள்!

அக்டோபர் 15

பக்கத்துக் கிளையில் மரக்காது காளான், அரிக்குலேரியா. இதுவும் ஜெல்லி காளான்தான். பழுப்பு நிறம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊடே தெரிகிறது. இது லிக்னினையும் உடைக்கும்; மரம் வெளுத்து நார்நாராகப் போகும்.

அக்டோபர் 21

நாலைந்து நாள் நல்ல வெயில். ஆரஞ்சு மடல்கள் இருந்த இடத்தில் கருஞ்சிவப்பாய்ச் சில கீறல்கள் மட்டுமே. மரக்காது கறுத்துச் சுருங்கிச் சருகாகிவிட்டது. ஒன்றை மட்டும் எடுத்து வந்து தண்ணீரில் போட்டேன். சாப்பிட்டு எழுவதற்குள் பழையபடி விரிந்துவிட்டது. ஈரத்தைத் துடைத்து, வித்து (காளானுக்கு விதை போன்ற நுண்தூள்) உண்டாகும் பக்கம் கீழே இருக்கும்படி கறுப்புத் தாள் மேல் வைத்து, கிண்ணத்தால் மூடியிருக்கிறேன்.

அக்டோபர் 22

தாளில் வெள்ளைப் பொடி! காய்ந்து கிடந்த காளான் ராத்திரியோடு ராத்திரியாக வித்து உதிர்த்திருக்கிறது. ஜெல்லியின் பயனே இதுதான். சாதாரணக் குடைக்காளான் பெரும்பாலும் ஒரு வெயிலோடு முடிந்துபோகும். இதுவோ காய்ந்து காத்திருந்து, அடுத்த மழையில் விட்ட வேலையைத் தொடர்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 3

காய்ந்த கிளையில் மூளை மடிப்பாக ஒரு மஞ்சள் திரள். ட்ரெமெல்லா என்னும் இன்னொரு ஜெல்லி காளானாக இருக்க வேண்டும். இது மரத்தைத் தின்பதில்லை. மரத்தைத் தின்னும் இன்னொரு பூஞ்சையின் இழைகளைத் தின்னும். அடியில் பார்த்தேன், பட்டையோடு ஒட்டிய மெல்லிய பூஞ்சைப் படலம் இருந்தது. டாக்ரியோபினாக்ஸ், மரக்காது, ட்ரெமெல்லா மூன்றும் வெகுகாலம் முன்பே பிரிந்துபோன வெவ்வேறு வம்சங்கள். ஜெல்லி உடம்பு தனித்தனியாக அமைந்திருக்கலாம்.

நவம்பர் 6

பாதையைச் சரிசெய்ய வந்த வனக்காவல் வாட்சர் அண்ணன், மரத்தை அறுத்து அப்புறப்படுத்தப் போவதாகச் சொன்னார்.

"அறுக்காம ஓரமா உருட்டிவிட்டாப் போதாதாண்ணே?"

"உருட்டிடலாம் தம்பி. வெறகுக்கு வர்றவங்க விடணுமே."

"இது உளுத்த கட்டைண்ணே, அடுப்புல நின்னு எரியாது." அவரைக் கூட்டிப்போய் மடல்களைக் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். நாளை காலை இன்னும் இரண்டு பேரோடு வருகிறாராம். மண்ணைத் தொட்டிருக்கும் பக்கம் மேலே வந்தால் ஈரம் போய்விடும். புரட்டாமல் நகர்த்தக் கடப்பாரையும் கயிறும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.