ஒன்பதரை மணிக்கு இனி என்ன?

ஜூன் 3, 2024, திங்கள்

சன் டிவியில் ராத்திரி ஒன்பதரைக்கு வரும் எதிர்நீச்சல் சீரியல் இந்த வாரத்தோடு முடிகிறது. செய்தியைக் கொண்டுவந்தது என் மாமியார், எங்கள் பேச்சில் மாமி, அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையிலிருந்து. அங்கே பருப்புக்குத் தொலி எடுக்க உட்கார்ந்தால் கை ஒருபக்கம், வாய் ஒருபக்கம். சீரியல் வில்லன் குணசேகரனை ஏசாமல் ஒரு கிலோ தீராது. "சனியாச்சயோட தீருதாம் மக்ளே" என்று செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

இதை எடுக்கும் இயக்குநர் திருச்செல்வத்தின் பழைய சீரியல் கோலங்கள் 2003-லிருந்து 2009 வரை ஓடியது. அதன் கதாநாயகி அபி பட்ட பாட்டை மாமி இன்றைக்கும் பக்கத்து வீட்டுக் கதைபோலத்தான் சொல்வார். அது முடிந்த ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு விளம்பவில்லையாம். இந்தச் சனிக்கிழமை நானே விளம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. 1-ஆம் தேதியிலிருந்து விசைப்படகுக்குத் தடை. ஜூலை 31 வரை எங்கள் மேற்குக் கடலில் விசைப்படகு இறங்காது. குளச்சலிலிருந்து மீன் வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கும் அதனால் வேலை கிடையாது. காலையில் எடுத்த ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. எங்கள் தொகுதியில் விஜய் வசந்த் ஜெயித்தாயிற்று, டெல்லிக் கணக்கும் வந்தாயிற்று, இன்னும் என்ன பார்க்க இருக்கிறதோ!

ஒன்பதரைக்கு மாமி பேசாமல் கையை நீட்டினார். கொட்டை உடைத்த காலத்தில் ஏறிய எண்ணெய்க் கறை விரல் நுனியில் இன்னும் கறுப்பாக நிற்கிறது. ரேஷன் கடைக் கருவியில் அந்த விரலை வைத்தால் ரேகை எடுக்காது. ரிமோட் மறுபேச்சில்லாமல் கை மாறியது.

ஜூன் 6, வியாழன்

மழை. கரண்டு போய்ப் போய் வந்தது. பாதிதான் பார்க்க முடிந்தது.

என் கணக்கில் இந்த சீரியலுக்கு ஒருதரம் விடை கொடுத்தாயிற்று, 2023 செப்டம்பர் 8 அன்று. குணசேகரனாக நடித்த மாரிமுத்து, காலையில் டப்பிங் பேசப் போனவர், அன்றே மாரடைப்பில் இறந்துபோனார். தினமும் ராத்திரி "இவன் நாசமாப் போவான்" என்று சபித்த மாமி, அன்றைக்குக் குடும்பச் செபத்தில் அவருக்காக ஒரு பரலோக மந்திரம் கூடுதலாகச் சொல்லவைத்தார். "நான் ஏசினது குணசேகரனயாக்கும், அந்த மனுசன இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். எங்களிடமா, மாதாவிடமா தெரியாது.

பிறகு அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் மிரட்டினால் பயம் வரும். மாரிமுத்துவின் "ஏய், இந்தாம்மா"வில் பயத்தோடு சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பு போனபிறகு கதையைத் தாங்கிப் பிடித்தது அந்த அடுக்களைதான். அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா, ஜனனி நாலு பேரும் வேலையோடு வேலையாகப் பேசும் பேச்சு. நந்தினி நறுக்கென்று ஒன்றைச் சொல்லும்போது நான் சுவரைப் பார்ப்பேன், மாமி முற்றத்தைப் பார்ப்பார். மருமகள் கதையை மாமியாரோடு ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பது லேசான காரியமில்லை.

ஜூன் 8, சனி

செபம் கால் மணிக்கூர் முன்னாலேயே முடிந்தது. மன்றாட்டு மாலையை மாமி விட்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை.

முடிவை இங்கே எழுதமாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்து இழுத்துப் போட்ட முடிச்சுகளை இவ்வளவு அவசரமாகவா அவிழ்ப்பது? எனக்கு ஏமாற்றம்தான். மாமி அழவில்லை.

"இந்தப் பிள்ளைய நாலும் மொத வருசமே எறங்கிப் போயிருக்கணும்."

"அப்போ சீரியல் ஏது மாமி?"

"சீரியல் கெடக்கட்டு, சவம்."

சோறு விளம்பினார்.

ஜூன் 10, திங்கள்

ஒன்பதரை ஆனதும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். டிவியைப் போடவில்லை. "அது போன்ல மொதல்லேருந்து கெடக்கும்லா?" என்றார். சன் நெக்ஸ்ட் ஆப்பில் முதல் எபிசோடு வந்த 2022 பிப்ரவரி 7-ஐத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மொத்தம் 700 எபிசோடுக்கு மேல். தினம் இரண்டு பார்த்தாலும் அடுத்த வருஷத்து இடவப்பாதி (ஜூன்) மழை வந்துவிடும் என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"எல்லாம் எதுக்குடே? மாரிமுத்து வாற இடம் வர ஓட்டு."

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெட் தீர்ந்துபோனது. நாளைக்கு ரீசார்ஜ் பண்ண வேண்டும்.