மிளகின் மொட்டை வயிறு

எங்கள் வீட்டுப் பூனை மிளகுக்கு அடிவயிற்றில் முடியே இல்லாமல் போய்விட்டது. புண் இல்லை, சொறி இல்லை. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, சரக் சரக்கென்று நக்கியே தோலை மொட்டையாக்கிவிட்டாள். "கண்ணு பட்டிருக்கும்டி, சுத்திப் போடு" என்றாள் அம்மா. தம்பி ஒரே வார்த்தையில் "ஸ்ட்ரெஸ்க்கா" என்று தீர்ப்பு எழுதிவிட்டான்.

டாக்டரம்மா இரண்டையும் ஏற்கவில்லை. முதலில் உடம்பைப் பார்ப்போம் என்றார். மொட்டை இடத்தின் ஓரத்திலிருந்து நாலு முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். நுனியெல்லாம் ஒடிந்து பிளந்திருந்தது. தானாக உதிரவில்லை, நக்கித்தான் போயிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம் பேன் சீப்பால் முதுகை வாரி, விழுந்த கரும்பொடியை ஈரப் பஞ்சில் தட்டினார். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது பூனை ரத்தம். மிளகிடம் வந்தது வெறும் தூசி.

2006இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வை அன்றிரவு தேடிப் படித்தேன். பதற்றத்தால்தான் இப்படி முடி போகிறது என்று கருதப்பட்ட 21 பூனைகளைச் சோதித்ததில், 16க்கு உடல் கோளாறுதான் காரணம். வெறும் மனக் காரணம் இரண்டுக்கு மட்டுமே. ஒவ்வாமையா என்று பார்க்க 8 வாரம் மிளகுக்குத் தனிச் சாப்பாடு போட்டோம். அதிலும் மாற்றமில்லை. (தெள்ளுதானே என்று நாய்க்கு விடும் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் உயிருக்கே ஆபத்து.)

சரி, எப்போது நக்குகிறாள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். விளக்கு வைக்கும் நேரம், பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால். வெளியே ஏசி பெட்டி மேல் ஒரு செவலைக் கடுவன் பூனை வந்து உட்காரும். வாலைத் தூக்கி நடுக்கி, வாஷிங் மெஷின் மேல் பீய்ச்சிவிட்டுப் போகும். இவள் உள்ளேயிருந்து அதையே முறைப்பாள். அது போனதும் நக்கல் தொடங்கும். சண்டை போடவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. வேறென்ன செய்வாள்?

கதவின் கீழ்ப்பாதியில் பால் நிற ஸ்டிக்கர் ஒட்டினேன். அம்மா அந்த மூத்திர நாற்றத்துக்கு ஃபினைல் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னேன். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் உள்ளே போய்விடும். பீரோ மேல் ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். அதற்குள் ஒளிந்தால் யாரும் இழுத்து வெளியே எடுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தம்பிதான் அடிக்கடி மீறுவான். நக்கும்போது அதட்டுவதும் இல்லை; அதட்டினால் இன்னும் பதறுவாள். விளக்கு வைக்கும் முன்பே ஷூ லேஸை இழுத்து ஓடவிட்டு, மூச்சு வாங்கியதும் சாப்பாடு. முடிந்ததும் லேஸை எடுத்துப் பூட்டிவிடுவேன், விழுங்கினால் குடலில் சிக்கும்.

இப்போது பூனைமயிர் மெல்ல முளைத்திருக்கிறது, தொட்டால் வெல்வெட். தீபாவளி வாரத்தில் மட்டும் மறுபடி கொஞ்சம் நக்கினாள்.

கடுவனுக்குச் சோறு வைப்பது மாடி வீட்டு மாமி என்று பிறகுதான் தெரிந்தது. கிண்ணத்தைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். கருத்தடை ஆபரேஷன் செலவில் பாதி தருவதாகவும் சொல்லியிருக்கிறார். பிடித்துக் கூடையில் போடுவது என் பொறுப்பாம்.