ஹோஸைக் கழற்ற மறந்தவனின் இலையுதிர்காலம்

போன பனிக்காலத்தை ஒரு சேதமும் இல்லாமல் கடந்துவிட்டோம் என்றுதான் வசந்தம் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வெயில் வந்த முதல் வாரம், செடிகளுக்குத் தண்ணீர் விடலாம் என்று வெளிக்குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது, வேகம்தான் சற்றுக் குறைவு. பத்து நிமிடம் கழித்து நிலவறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். “அப்பா, சுவருக்குள்ளே மழை பெய்கிறது.”

அந்தக் குழாயை ‘உறையாத குழாய்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கைப்பிடி வெளியே இருந்தாலும், தண்ணீரை நிறுத்தும் வால்வு சுவருக்கு உள்ளே, வீட்டின் கதகதப்பில் இருக்கும். மூடியதும் இடையில் மிஞ்சிய தண்ணீர் வெளியே வடிந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. குழாயின் வாயில் தோட்டத்து ஹோஸ் மாட்டியே கிடந்தால் எங்கே வடிவது? தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, செம்பு பிளந்துவிடுகிறது. கொடுமை என்னவென்றால், வால்வு உள்ளே மூடியிருப்பதால் பனிக்காலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடக் கசியாது. மறுபடி திறக்கிற நாளில்தான் குட்டு வெளிப்படும்.

வெளிக்குழாயை மூடுகிற புத்திகூட அந்த நேரத்தில் வரவில்லை. வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்திவிடலாம் என்று நிலவறைக்கு ஓடினேன். பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் குடியிருந்தும் தெரியாது. பழைய பெட்டிகளை இழுத்துப்போட்டுக் கண்டுபிடித்தால், அது திரும்ப மறுத்தது.

அடுத்தது காப்பீடு. தொலைபேசியில் பேசியவர் மிகவும் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பனிக்கு முன்பு ஹோஸைக் கழற்றினீர்களா?” உண்மையைச் சொன்னேன். “பராமரிப்புக் குறைபாடு” என்று இரண்டு சொல்லில் கோப்பை மூடிவிட்டார். வீட்டைப் பராமரித்ததற்கு ரசீதோ புகைப்படமோ இருந்தால் அனுப்பலாம் என்றார். என்னிடம் இருந்தது நனைந்த சுவரின் படம் மட்டும்தான்.

அதனால் இந்த இலையுதிர்காலத்தில் வைராக்கியத்தோடு இறங்கினேன். வைராக்கியம் இருந்தால் போதாது என்பது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்று ஃபில்டரிலேயே தெரிந்துவிட்டது.

பழைய ஃபில்டரை டேப் வைத்து அளந்தேன். பதினைந்தரைக்கு இருபத்துநாலரை அங்குலம், கனம் முக்கால். கடையில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் “அப்படி ஓர் அளவே கிடையாது” என்றார். வீட்டுக்கு வந்து மறுபடி அளந்தேன், அதேதான். மறுநாள் போய், கிட்டத்தட்ட பொருந்தும் என்று ஒரு சிறியதை வாங்கிவந்தேன். மாட்டியதும் சுற்றிலும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. காற்று அந்த வழியாகவே போய்விடும்; ஃபில்டர் சும்மா வேடிக்கை பார்க்கும். எரிச்சலோடு பழையதை எடுத்து விளிம்பின் தூசியைத் துடைத்தேன். அங்கே அச்சடித்திருந்தது: 16 × 25 × 1. ஃபில்டரை விற்பது பெயரளவுக் கணக்கில். உண்மை அளவு அதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும், அப்போதுதான் சட்டத்துக்குள் சறுக்கி நுழையும். இதைக் கடைக்காரர் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். மூன்று முறை அலைந்தேன். நீங்கள் டேப்பை எடுக்காதீர்கள், விளிம்பைப் படியுங்கள்.

ஃபர்னஸ் சர்வீஸுக்குக் கோடை முடியும்போதே சொல்லிவைத்தேன். ஒரே வாரத்தில் மெக்கானிக் வந்துவிட்டார். முதல் குளிர் அடித்த பிறகு கூப்பிட்டிருந்தால் வரிசையில்தான் நின்றிருப்பேன். பர்னரையும் சுடர் உணரியையும் சுத்தம் செய்தார், கழிவுநீர்க் குழாயில் அடைப்பு இல்லை என்று பார்த்தார். பிறகு ஃபில்டரை உருவி, “இதை மாட்டியது யார்?” என்றார். சரியான அளவைக் கண்டுபிடித்த பெருமையில் “நான்தான்” என்றேன். விளிம்பில் இருந்த அம்புக்குறியைக் காட்டினார். அது ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். என்னுடையது எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தது. போன வருடமும் அப்படித்தான் மாட்டியிருப்பேன். அவரிடம் சொல்லவில்லை.

போகும்போது கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். நான் ஒவ்வொரு மாதமும் பொத்தானை அழுத்திப் பார்ப்பவன்; நன்றாகத்தான் அலறும். ஆனால் பொத்தான் சோதிப்பது ஒலியையும் மின்சுற்றையும்தான், உள்ளே இருக்கும் உணரிக்கு ஆயுள் தனி. என்னுடையது காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவுக்குக் காவலாக ஒரு வெறும் மணியை மாட்டிவைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். அன்று மாலையே புதியது வாங்கினேன்.

மழைநீரை வடிக்கும் கூரையோரப் பீலியை அவசரப்பட்டுச் சுத்தம் செய்ததுதான் அடுத்த முட்டாள்தனம். மக்கிய இலைச் சேற்றை வாளி வாளியாக இறக்கினேன். அதில் ஒரு மரக்கன்று முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. குளித்துவிட்டு நிமிர்ந்தால், எங்கள் பெரிய மரம் அப்போதுதான் இலை உதிர்க்கவே ஆரம்பித்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏணி. ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஏணி சாயும் இடம் நான்கு அடி உயரம் என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும், அந்தக் கணக்கில். கீழே ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவசியம்.

இரண்டாம் முறை சோதனைக்காக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். இறங்குகுழாய் வழியாகப் போகாமல் பீலி விளிம்பைத் தாண்டி என் சட்டை மேலேயே வழிந்தது. முழங்கை வளைவைத் திருகு கழற்றிப் பார்த்தால், இலைக்கட்டிக்கு நடுவே மகள் தொலைத்த டென்னிஸ் பந்து. அவள் அதைக் கழுவி வைத்திருக்கிறாள்.

காற்று நுழையும் இடுக்குகளை அடைப்பதைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டேன். அதுவும் பிசகு. நான் வாங்கிய சீலன்ட் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் பிடிக்கும் என்று குப்பியிலேயே போட்டிருந்தது; நான் பூசிய காலையில் அவ்வளவு வெப்பம் இல்லை. மறுநாள் விரல் வைத்ததும் ரிப்பன் போல உரிந்துவந்தது. வெயில் அடித்த ஒரு மதியத்துக்காகக் காத்திருந்து திரும்பப் பூசினேன்.

ஜன்னல்கள்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். ஊதுபத்தியை ஏற்றி ஒவ்வொரு இடமாகப் பிடித்துப் பார்த்தபோது, பரணுக்குப் போகும் மூடியருகே புகை சட்டென்று மேலே இழுபட்டது. அந்தப் பலகையைச் சுற்றி ஒரு தடுப்புப் பட்டைகூட இல்லை. நாம் காசு கொடுத்து ஏற்படுத்தும் சூடு அந்த வழியாகப் பரணுக்குப் போய், கூரைப் பனியை அடியிலிருந்து உருக்கும். உருகிய நீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்து மறுபடி உறைந்து அணைகட்டும். பின்னால் தேங்கும் தண்ணீர் ஓடுகளுக்கு அடியில் புகும். பலகையின் விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டக் கால் மணி நேரம்தான் ஆனது.

அந்த வெற்றி தலைக்கேறி, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் குழாயையும் துணி திணித்து அடைக்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் போட்டார்: “தம்பி, விடுங்கள்! அது ஃபர்னஸின் மூக்கு.” காற்றை உள்ளிழுக்கும் குழாய் அது. பனி குவிந்தால்கூட அதைத் தோண்டித் திறந்துவிட வேண்டுமாம். இப்போது அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டிருக்கிறேன்.

பிரதான வால்வில் சிவப்புத் துணி கட்டியாயிற்று. மாதம் ஒருமுறை திருப்பியும் பார்க்கிறேன். ரசீதுகள், ஃபில்டர், பீலி, அலாரத்தின் பின்பக்கம், எல்லாவற்றுக்கும் தேதியோடு படம் இருக்கிறது. ஹோஸ் கழற்றிய குழாயை மட்டும் நான்கு கோணத்தில் எடுத்திருக்கிறேன்.

நேற்று இரவு முதல் பனி விழுந்தது. படுத்தவன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, டார்ச் விளக்கோடு வெளியே போய் அந்தக் குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மாடி ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். “நான்கு படம் போதாதா?” என்றாள்.