எனக்கு நேரம் இல்லை

நோயாளியை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நிர்வாகம் சொல்வது பேச்சுரிமையில் கைவைப்பதாகும் என்று என்னோடு வேலை செய்யும் ஒரு நர்ஸ் அடிக்கடி சொல்வார். நான் ஒத்துக்கொள்வதில்லை. கூப்பிடும் விஷயத்தில் உரிமை எனக்கும் இல்லை, மேனேஜருக்கும் இல்லை. கட்டிலில் படுத்திருப்பவருக்குத்தான் இருக்கிறது. அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அதுதான். பல்செட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, முதுகு தெரியும் அங்கியை மாட்டிவிட்டு, பெயரையும் பறித்து "பன்னிரண்டாம் பெட்" ஆக்கிவிடுகிறோம். இல்லையென்றால் "செல்லம், வாயைத் திறங்க". மறதி நோய் உள்ள முதியவர்களிடம் இப்படிக் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினால், அவர்கள் பராமரிப்புக்கு ஒத்துழைக்காமல் முரண்டு பிடிப்பது கூடுகிறது என்று 2009இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. குளிப்பாட்டும் வேலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வே வேண்டாம்.

இங்கிலாந்தில் ஒரு டாக்டர், திருநர்களை அவர்கள் விரும்பும் பாலில் குறிப்பிட மாட்டேன் என்று சொல்லி, வேலை போனதும் வழக்குப் போட்டார். 2019இல் தீர்ப்பாயத்தில் தோற்றார், 2022இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். அவர் நம்பிக்கை அவரோடு இருக்கட்டும். உடம்பைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி வந்து உட்கார்ந்திருப்பவர் அதற்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்?

சரி, அப்படியானால் நிர்வாகம் சொல்வதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. அடையாள அட்டையோடு எங்களுக்கு ஒரு வசனச் சீட்டும் தந்திருக்கிறார்கள். பெயரைச் சொல், செய்யப் போவதைச் சொல், எவ்வளவு நேரமாகும் என்று சொல். இதுவரை நல்ல விஷயம், நானே சொல்லித் தருவேன். கடைசி வரிதான் தொண்டையில் நிற்கிறது: "வேறு ஏதாவது வேண்டுமா? எனக்கு நேரம் இருக்கிறது."

நேரம் எங்கே இருக்கிறது? பக்கத்து அறையில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரி வசனங்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் நன்றாக வேரூன்றியவை. அங்கே 2012 முதல், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மருத்துவமனைகளுக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கு நோயாளிகளின் கருத்துக் கணிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. "நர்ஸ் கவனமாகக் கேட்டாரா?" என்ற கேள்விக்கு "எப்போதும்" என்ற பதில் வந்தால்தான் மதிப்பெண். "பெரும்பாலும்" என்றால் கணக்கில் வராது. ஆள் போடுவதைவிட வசனம் மலிவு, அவ்வளவுதான். நான் அந்த வரியைச் சொல்வதில்லை. "அரை மணியில் வருகிறேன், அவசரம் என்றால் மணி அடியுங்கள்" என்கிறேன். மேற்பார்வைப் படிவத்தில் அந்த வரிக்கான கட்டம் காலியாகவே இருக்கிறது.

பேச்சுரிமைக்காகச் சண்டை போடுவதென்றால் இங்கேதான் போட வேண்டும். 2006இல் கார்செட்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் தன் வேலையின் பகுதியாகப் பேசுவதற்கும் எழுதுவதற்கும் அரசியல் சாசனப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்றது. தனியார் முதலாளியை, அந்தப் பாதுகாப்பைத் தரும் சாசனத்தின் முதல் சட்டத்திருத்தம் கட்டுப்படுத்துவதே இல்லை. "இரவு ஷிப்டுக்கு ஆள் போதவில்லை" என்று அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர் தன் வேலையின் பகுதியாக மேலிடத்துக்கு எழுதும் குறிப்பும் அதில் அடங்கிவிடும். அதைப் பற்றி என் சக நர்ஸ் வாய் திறந்து நான் கேட்டதில்லை.